தென்னையில் ஏறும் பொன்முதுகு

பினாங்கில் மரங்கொத்தியைப் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. தண்ணீர்மலை அடிவாரத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவில் பார்க்கலாம். பாலிக் பூலாவ் பக்கத்துப் பழத்தோட்டங்களில் பார்க்கலாம். செபராங் பிறையில் இன்னும் தென்னை நிற்கிற கம்பங்களில் (கிராமங்களில்), சில சமயம் தாமான் (குடியிருப்பு) ஓரத்து மரங்களில்கூட அது வந்து ஒட்டிக்கொள்ளும். மலேசியத் தீபகற்பத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மரங்கொத்தி இனங்கள் உண்டு. அவற்றில் பல அடர்ந்த காட்டை விட்டு வெளியே வராதவை. மனிதர் வாழும் இடத்துக்கு அருகிலேயே வாழப் பழகிய சிலவற்றில் ஒன்றுதான் இந்தக் கட்டுரையின் நாயகன், பொன்முதுகு மரங்கொத்தி.

அறிவியல் பெயர் டைனோபியம் ஜாவனென்ஸ். மலாய்க்காரர்கள் பெலாத்தோக் பினாங் மூடா என்கிறார்கள். ஆங்கிலத்தில் காமன் ஃபிளேம்பேக். பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல முதல் பறவை எனக்குத் தெரியவில்லை. பெரிதாக இருக்கிறது, நிறம் பளிச்சென்று தெரிகிறது, சத்தம் போட்டுத் தன் இருப்பைச் சொல்கிறது. அதோடு, இதன் உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. எதைத் தின்கிறது, எங்கே வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் இப்படி இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

அந்தக் காரணங்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் ஒன்றே ஒன்று: பட்டமரம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பறவையைப் பார்ப்போம்.

எப்படி இருக்கும்?

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 28 முதல் 30 சென்டிமீட்டர். நம் வீட்டுக் கூரையில் கத்துகிற மைனாவைவிடப் பெரியது, காக்கையைவிடச் சிறியது. எடை நூறு கிராமுக்கு உள்ளேதான் இருக்கும்.

முதுகும் இறக்கையின் மேல்பகுதியும் பொன் மஞ்சள். நிழலில் இருக்கும்போது சற்றே பச்சை கலந்த மாதிரித் தெரியும். வெயில் பட்டதும் மின்னும். இறக்கையின் ஓரச் சிறகுகள் கறுப்பு. வாலும் கறுப்பு. முதுகுக்கும் வாலுக்கும் நடுவே, பிட்டத்தில், நல்ல சிவப்பு. உட்கார்ந்திருக்கும்போது இறக்கை மூடி அந்தச் சிவப்பை மறைத்துவிடும். பறக்கும்போதுதான் முழுதாகக் காட்டும். அதனால் பறவை பறந்துவிட்டதே என்று பைனாகுலரை இறக்கிவிடாதீர்கள். பறக்கிற அந்த இரண்டு நொடியில்தான் முக்கியமான அடையாளம் கிடைக்கும்.

வயிறும் மார்பும் வெள்ளை. ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் கறுப்புக் கரை இருப்பதால் செதில் செதிலாகத் தெரியும். முகமும் வெள்ளைதான். கண்ணிலிருந்து பின்கழுத்து வரை ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. அலகின் அடியிலிருந்து கழுத்தை நோக்கி இன்னொரு கறுப்புக் கோடு இறங்குகிறது. இந்த இரண்டாவதை மீசைக்கோடு என்று சொல்வது வழக்கம். மீசைக்கோடு ஒற்றையா, இரட்டையா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்ப்பது எளிது. தலையில் பின்னோக்கிச் சீவிவிட்ட கொண்டை இருக்கும். ஆணுக்கு நெற்றி முதல் கொண்டை வரை சிவப்பு. பெண்ணுக்கு அதே இடம் கறுப்பு, அதில் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். மற்றபடி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலும் இணையாகவே சுற்றுவதால், சிவப்புக் கொண்டை ஒன்று தெரிந்தால் பக்கத்து மரத்தில் கறுப்புக் கொண்டையைத் தேடுங்கள். பல சமயம் அது அங்கே இருக்கும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களும் அங்கே போய்வருகிறவர்களும் இதைப் படித்துவிட்டு, "எங்கள் ஊர்த் தோப்பிலும் இதே பறவை உண்டே" என்பார்கள். அங்கே சமவெளியில் பரவலாகக் காண்பது இதன் நெருங்கிய உறவினம். அதன் முதுகும் பொன்தான், ஆனால் பிட்டம் கறுப்பு. தொண்டையிலும் கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். நம் பினாங்குப் பறவைக்குப் பிட்டம் சிவப்பு. தொண்டை வெள்ளை, நடுவில் மட்டும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. நம்முடைய இனம் இந்தியாவிலும் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: இலங்கையின் வடக்கே அந்தக் கறுப்புப் பிட்ட உறவினம், பொன் முதுகோடு; தெற்கே செம்முதுகு. இரண்டும் சந்திக்கிற இடங்களில் கலப்பினம் பிறந்து, நடுவாந்தரமான நிறங்களில் பறவைகள் காணப்படுகின்றன. கடல் தாண்டிப் பரவிய ஒரே குடும்பம், ஊருக்கு ஊர் ஒவ்வொரு நிறம்.

செங்குத்தாக எப்படி நிற்கிறது?

தென்னை மரத்தில் கிளை கிடையாது. பிடித்து உட்கார எதுவும் இல்லாத அந்தத் தண்டில் இந்தப் பறவை மணிக்கணக்கில் தொங்குகிறது. காலும் வாலும் சேர்ந்து செய்கிற வேலை அது.

சாதாரணமாக, கிளையில் உட்காரும் குருவிகளுக்கு மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே. மரங்கொத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. பொன்முதுகுக்கோ மொத்தமே மூன்று விரல்தான். இரண்டு முன்னே, ஒன்று பின்னே; நான்காவது விரல் இல்லவே இல்லை. வளைந்து கூர்மையான நகங்கள் பட்டையின் சிறு சொரசொரப்பில்கூட மாட்டிக்கொள்ளும்.

வால்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மற்ற பறவைகளின் வால் இறகு விரலால் தடவினால் வளைந்துகொடுக்கும். மரங்கொத்தியின் வால் இறகுகள் விறைப்பானவை, நடுவில் உள்ள இரண்டும் மிகவும் பலமானவை. அவற்றை மரத்தில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கால், ஒரு வால் என்று முக்காலி போல நிற்கிறது. வால் இல்லாவிட்டால் ஓங்கிக் கொத்தவே முடியாது, பின்னால் சாய்ந்துவிடும். எல்லாப் பறவைகளையும் போல மரங்கொத்தியும் பழைய இறகை உதிர்த்துப் புதியது வளர்க்க வேண்டும். அப்போது என்ன செய்யும்? வாலின் மற்ற இறகுகள் முதலில் உதிர்ந்து, புதியவை முளைத்து வளரும். நடு இறகு இரண்டும் கடைசியில்தான் விழும். அதற்குள் பக்கத்து இறகுகள் பாரத்தைத் தாங்கத் தயாராகிவிடும். உடம்பு இவ்வளவு கணக்காக நடந்துகொள்வதைப் படித்த நாளிலிருந்து, எந்த மரங்கொத்தியைப் பார்த்தாலும் முதலில் என் கண் போவது வாலுக்குத்தான்.

ஏறும்போது நடப்பதில்லை, இரண்டு காலையும் சேர்த்து எம்பி எம்பிப் போகும். மேலே போவது சுலபம். கீழே இறங்க வேண்டுமானால் தலையைத் திருப்பாமல் பின்பக்கமாகவே குதித்து இறங்கும். வால் எப்போதும் கீழே இருந்தாக வேண்டும் அல்லவா?

அங்கிள், அதுக்குத் தலை வலிக்காதா?

மரங்கொத்தியைக் காட்டினால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரியவர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு, கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நெடுங்காலமாக ஒரு பதில் சொல்லப்பட்டு வந்தது. அலகுக்கும் மூளைக்கும் நடுவில் பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் வலிக்காது என்று. பள்ளிப் புத்தகம் முதல் அருங்காட்சியகப் பலகை வரை இதுவே இருந்தது. தலைக்கவசம் செய்கிறவர்கள்கூட இதைப் பார்த்துக் கற்க முயன்றார்கள்.

2022இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் தலைமையிலான குழு ஒன்று மூன்று மரங்கொத்தி இனங்களை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து அளந்தது. அலகு மரத்தில் மோதி நிற்கும்போது மண்டையோடும் அதே வேகத்தில்தான் நிற்கிறது. நடுவில் எதுவும் அமுங்கி அதிர்ச்சியைக் குறைக்கவில்லை. மண்டை மொத்தமும் ஒரே சுத்தியலாக வேலை செய்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுவே நியாயம். அதிர்ச்சியை உறிஞ்சும் மெத்தை ஒன்று நடுவில் இருந்தால், கொத்துகிற பலத்தையும் அது தின்றுவிடும். ஒவ்வொரு துளைக்கும் இன்னும் ஓங்கிக் கொத்த வேண்டியிருக்கும். லாபமே இல்லை.

அப்படியானால் மூளை எப்படித் தப்பிக்கிறது? அது மிகச் சிறியது என்பதால். ஒரே வேகத்தில் மோதினாலும், கனமான பெரிய மூளைக்குள் உண்டாகும் அழுத்தம் அதிகம். சிறிய மூளைக்குள் குறைவு. நமக்கு மயக்கம் வரவைக்கும் அடி, அந்தச் சின்ன மூளைக்கு ஆபத்து எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. அந்தக் குழு படம்பிடித்தவற்றில் நம் பொன்முதுகு இல்லை. ஆனால் அளவில் சிறிய மூளை என்ற காரணம் இதற்கும் பொருந்தும்.

மற்ற ஏற்பாடுகளும் உண்டு. கொத்தும் கணத்தில் கண்ணின் உள்இமை மூடிக்கொள்கிறது. மூக்குத்துளைகளைச் சிறு இறகுகள் மறைத்து, மரத்தூள் உள்ளே போகாமல் காக்கின்றன. அலகு தேய்ந்துகொண்டே இருந்தாலும் நம் நகம் போல வளர்ந்துகொண்டும் இருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மரங்கொத்தி மூன்று காரணத்துக்காகக் கொத்தும். இரை தேடும்போது விட்டுவிட்டு, மெதுவாக, தட்டிப் பார்ப்பது போலக் கொத்தும். பொந்து குடையும்போது பலமாக, நீண்ட நேரம். மூன்றாவது, தடதடவென்று ஒரே மூச்சில் அடிப்பது. சில இனங்கள் நொடிக்கு இருபது முறை வரை அடிக்கின்றன. அது இரைக்காக அல்ல, பேச்சுக்காக. "இது என் இடம்", "நான் இங்கே இருக்கிறேன்" என்று மற்ற மரங்கொத்திகளுக்குச் சொல்வது. பாட்டுப் பாடும் பறவைகள் தொண்டையால் செய்வதை இது அலகால் செய்கிறது. அதனால்தான் நன்றாக ஒலிக்கும் காய்ந்த மரத்தைத் தேடிப் பிடிக்கிறது. பொன்முதுகு தொண்டையாலும் சத்தம் போடும்: நீளமாக, கடகடவென்று உருளும் ஒரு கூச்சல். பல நேரம் பறவை கண்ணில் படுவதற்கு முன்பே அந்தக் கூச்சல்தான் காதில் விழும்.

என்ன சாப்பிடும்?

முதல் பதில் எறும்பு. இரண்டாவது, மரத்துக்குள்ளும் பட்டைக்கு அடியிலும் இருக்கும் பூச்சிகளின் புழுக்கள். அப்புறம் கரப்பான், சிறிய தேள், கையில் கிடைக்கும் மற்றப் பூச்சிகள். மரத்தைத் தின்பதில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு: மரத்தைக் கொத்திக் கொத்தித் தின்றே அழித்துவிடும் பறவை என்று நம்புகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

எறும்பு என்றால் அற்பமான தீனி என்று தோன்றலாம். நம் ஊரைப் போல ஆண்டு முழுதும் சூடும் ஈரமும் உள்ள இடத்தில் எறும்பு கிடைக்காத மாதம் கிடையாது. ஒன்றைக் கண்டால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். தென்னந்தண்டின் வெடிப்பில், பட்டையின் இடுக்கில், உளுத்த கட்டைக்குள் என்று எங்கும் குடியிருக்கும். குளிர்நாட்டுப் பறவைகளுக்கு உள்ள பருவக் கவலை இதற்கு இல்லை. இடத்தை விட்டு வலசை போகவும் தேவையில்லை.

ஆனால் எறும்பு வெளியே வந்து நிற்காது. அலகு நுழையாத சந்துக்குள் இருக்கும். அங்கேதான் நாக்கு வேலைக்கு வருகிறது. மரங்கொத்தியின் நாக்கு அலகுக்கு வெளியே வெகுதூரம் நீளும். ஐரோப்பாவின் பச்சை மரங்கொத்திக்கு அது சுமார் பத்து சென்டிமீட்டர் வரை வெளியே வருகிறது. அவ்வளவு நீளமானதைச் சின்னத் தலைக்குள் எங்கே வைப்பது? நாக்கைத் தாங்கும் மெல்லிய எலும்பும் தசையும் தொண்டையில் இரண்டாகப் பிரிந்து, மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி, உச்சந்தலைக்கு மேலே ஏறி, நெற்றியைத் தாண்டி மூக்குத்துளை அருகே வந்து முடிகின்றன. அந்தத் தசை இறுகும்போது நாக்கு வெளியே பாய்கிறது. நாக்கின் நுனியில் பின்னோக்கிய சிறு முட்கள்; மேலே பிசுபிசுப்பான எச்சில். உள்ளே விட்டு இழுத்தால் எறும்பும் புழுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பொன்முதுகு இரை தேடுவதைக் கவனித்தால் ஒன்று தெரியும். அது எப்போதும் ஓங்கிக் குடைந்துகொண்டிருப்பதில்லை. மரத்தின் அடிப்பக்கத்தில் வந்து ஒட்டி, தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஏறும்போதே பட்டையைத் தட்டும், சில்லைப் பெயர்க்கும், இடுக்கில் அலகை நுழைக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் அடுத்த மரத்துக்குப் பறக்கும். பறப்பதும் நேராக இல்லை: நாலைந்து முறை இறக்கை அடித்து எழும், பிறகு இறக்கையை மடக்கித் தாழும், மறுபடி எழும். அலை அலையான அந்தப் பறப்பைத் தூரத்திலிருந்து பார்த்தாலே மரங்கொத்தி என்று சொல்லிவிடலாம்.

எங்கே வாழும்?

தாழ்நிலத்துப் பறவை இது. அடர்காடு அதற்கு வேண்டாம். இடைவெளி விட்டு மரங்கள் நிற்கும் இடம் வேண்டும்: அலையாத்திக் காடு, கடலோரத் தோப்பு, தென்னந்தோப்பு, பழத்தோட்டம், பூங்கா, பெரிய மரமுள்ள பழைய வீட்டுத் தோட்டம். கொடிமலையில் (பினாங்கு ஹில்) உச்சிக்கு ரயிலேறிப் போய் இதைத் தேடுவது வீண். அங்கே போனால் வேறு பறவைகளைப் பார்க்கலாம்; பொன்முதுகுக்கு அடிவாரம்தான்.

உலக அளவில் இந்த இனத்துக்கு இப்போது ஆபத்து இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிகக் குறைந்த கவலைக்குரியது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. மனிதர் நட்ட மரத்தையும் ஏற்றுக்கொள்ளும் பறவை என்பதால் அப்படி. ஆனால் ஒரு வட்டாரத்தில் அது தங்குமா, வந்துவிட்டுப் போய்விடுமா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. தீனி எங்கும் கிடைக்கும். பொந்து குடைய மரம் வேண்டும். இங்கேதான் பட்டமரம் வருகிறது.

நல்ல உயிருள்ள கடினமான மரத்தில் பொந்து குடைவது மரங்கொத்திக்குக்கூடப் பெரும்பாடு. அதனால் உள்ளே உளுக்கத் தொடங்கிய மரத்தையே தேடுகிறது. பூஞ்சை பிடித்து நடுத்தண்டு மெதுவாகிப்போன மரம், இடி விழுந்து காய்ந்த மரம், குருத்து அழுகிக் கொண்டை விழுந்த தென்னை. கொண்டை போன தென்னை இதற்கென்றே செய்தது போல இருக்கும். தென்னந்தண்டின் வெளிப்புறம் கெட்டி, உட்புறம் மென்மை. மரம் செத்தபின் உட்புறம் இன்னும் மெத்தென்று ஆகிவிடும், வெளிச்சுவரோ நிற்கும். வாசலை மட்டும் கஷ்டப்பட்டுத் துளைத்துவிட்டால் உள்ளே அறை தோண்டுவது எளிது. மேலிருந்து மழை இறங்காத வரைக்கும் நல்ல வீடு.

மரத்தைக் கெடுத்தது மரங்கொத்தி என்று பழி போடுகிறவர்களுக்கும் பதில் இதுதான். பெரும்பாலும் மரம் ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தில்தான் அது பொந்து வைக்கிறது. உங்கள் வீட்டு மரத்தில் பொந்து விழுந்தால் மரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஆள் வைத்துப் பார்ப்பது நல்லது.

கூட்டுக்குள் நார், புல், பஞ்சு எதையும் மரங்கொத்தி கொண்டுபோய் வைப்பதில்லை. குடைந்தபோது விழுந்த மரத்தூள்தான் மெத்தை. அதில் இரண்டு மூன்று வெள்ளை முட்டைகள். இருட்டுப் பொந்துக்குள் முட்டைக்கு ஒளிந்துகொள்ளும் நிறம் தேவையில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மரங்கொத்திகளில் இரவு முறை பொதுவாக ஆணுடையது. குஞ்சுகள் கண் திறக்காமல், இறகு இல்லாமல் பிறக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஊட்டும்.

குஞ்சுகள் பறந்த பிறகு அந்தப் பொந்து என்ன ஆகிறது என்பதுதான், என்னைப் பொறுத்தவரை, இந்தப் பறவையைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. மரத்தைக் குடையும் அலகு பெரும்பாலான பறவைகளுக்குக் கிடையாது. ஆனால் பொந்தில்தான் முட்டையிடும் பறவைகள் ஏராளம். மைனா, குண்டுக்கரிச்சான், மினுமினுக்கும் கரும்பச்சை நிற நாகணவாய், நீலநிற டாலர்பறவை, சிறிய ஆந்தைகள். இவையெல்லாம் வேறு யாரோ குடைந்துவிட்டுப் போன பொந்தையும், தானாக விழுந்த ஓட்டையையும் நம்பி இருப்பவை. மரங்கொத்தி ஆண்டுதோறும் புதிய பொந்து குடைவது அதற்குத் தேவையோ இல்லையோ, அந்த வட்டாரத்துக்குத் தேவை. சில நேரம் மைனாக்கள் காத்திருப்பதுகூட இல்லை. வேலை முடிந்த வீட்டைச் சண்டை போட்டே பிடுங்கிக்கொள்ளும். அதைப் பார்க்க மனம் பொறுக்காது. ஆனாலும் மரங்கொத்தி வேறிடம் போய் மறுபடி தொடங்கும்.

சாலையோரத்துப் பட்டமரத்தை வெட்டாமல் விட முடியாது. பினாங்கின் புயல் மழையில் மரம் விழுந்து கார் நசுங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு மேல் சாய்ந்திருப்பதும் அப்படித்தான். நான் சொல்வது மற்றதை. தோட்டத்தின் மூலையில், ஆளும் வண்டியும் போகாத இடத்தில், கொண்டை விழுந்த ஒரு தென்னை நின்றால் அதைப் பார்வைக்கு அசிங்கம் என்று வெட்டிச் சாய்க்கிறோம். முழுவதும் வெட்டாமல், பாதுகாப்பான உயரத்துக்குக் குறைத்து நிறுத்தினாலும் போதும். பொன்முதுகு மிக உயரத்தில்தான் பொந்து வைக்கும் என்றில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நேரம்: காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. பினாங்கில் விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். அதற்கு முன் போய்ப் பயனில்லை. மாலை ஐந்துக்குப் பிறகும் சுறுசுறுப்பாக இருக்கும். நடுவெயிலில் பறவையும் ஓய்வெடுக்கும், நீங்களும் எடுக்கலாம்.

தாவரவியல் பூங்கா 1884இல் தொடங்கப்பட்டது. அதனால் முதிர்ந்த பெரிய மரங்கள் நிறைய. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் படியேறுவதற்கு முன்னோ பின்னோ அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். (தைப்பூச நாட்களில் வேண்டாம், அவ்வளவு கூட்டத்தில் பறவை நிற்காது.) பாலிக் பூலாவ் பக்கம் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் தென்னை நிற்கும் இடங்களும் நல்லவை. தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.

கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது பலன் தரும். கடகட கூச்சல் கேட்டதும் அசையாமல் நின்று, தண்டுகளைப் பாருங்கள், கிளைகளை அல்ல. உங்களைக் கண்டுவிட்டால் மரங்கொத்தி உடனே பறக்காது. தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்து மறைந்துகொள்ளும். நீங்கள் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். துரத்தாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா நின்றால் தலை மட்டும் எட்டிப் பார்க்கும், பிறகு வேலையைத் தொடரும். பொந்து வாசலில் நின்று படம் எடுப்பது மட்டும் கூடாது. பெற்ற பறவைகள் உள்ளே போகப் பயந்து, குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

வேறு எதுவாக இருக்கலாம்?

தொடக்கத்தில் குழப்புகிறவை சில. டுக் டுக் டுக் என்று ஒரே சீராக, சம்மட்டி அடிப்பது போலக் கேட்டால் அது மரங்கொத்தி அல்ல. செம்மார்புக் குக்குறுவான் கூப்பிடுகிற குரல் அது. பச்சை உடம்பும் சிவப்பு நெற்றியும் உள்ள சிறிய பறவை, அத்திப்பழம் தின்னும், அதுவும் பட்டமரத்தில் பொந்து குடையும் என்பதால் குழப்பம் கூடுகிறது. தலையில் விசிறி போலக் கொண்டை விரிக்கும் கொண்டலாத்தியை மரங்கொத்தி என்று அழைப்பது தமிழரிடையே பழைய பழக்கம். கொண்டலாத்தி மரத்தைக் கொத்தாது, தரையில் நடந்து மண்ணுக்குள் அலகை விட்டுப் புழு எடுக்கும்.

மரங்கொத்திகளிலேயே, பூங்காவில் பதின்மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒன்று சின்னக் கிளைகளில் ஓடினால் அது குள்ள மரங்கொத்தி. பழுப்பும் வெள்ளையும் கலந்த பறவை, பொன் நிறம் இருக்காது. உடம்பு முழுதும் செம்பழுப்பாக, குறுக்கே கறுப்புக் கோடுகளோடு தெரிந்தால் அது செம்பழுப்பு மரங்கொத்தி. அதன் கதை வியப்பானது: மரத்தில் உருண்டையாகக் கூடு கட்டும் ஒருவகை எறும்பின் கூட்டுக்குள்ளேயே குடைந்து, கடிக்கும் எறும்புகளுக்கு நடுவில் முட்டையிடும்.

உண்மையில் ஏமாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, பெரும் பொன்முதுகு. அதுவும் பொன் முதுகு, சிவப்புப் பிட்டம், ஆணுக்குச் சிவப்புக் கொண்டை. சுமார் 33 சென்டிமீட்டர் வரை இருக்கும், அலகும் நீளம். தூரத்தில் அளவை நம்பக் கூடாது, முகத்தைப் பாருங்கள். மீசைக்கோடு ஒற்றையாக இருந்தால் நம் பொன்முதுகு. கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் வெள்ளை தெரிந்தால் பெரும் பொன்முதுகு. பின்கழுத்து நம்முடையதற்குக் கறுப்பு, அதற்கு வெள்ளை. கண் நம்முடையதற்கு இருண்டது, அதற்கு வெளிறியது. காலைப் பார்க்க முடிந்தால் விரலை எண்ணுங்கள்: நம்முடையதற்கு மூன்று, அதற்கு நான்கு. பெண் பறவையானால் கொண்டையைப் பாருங்கள். கறுப்பில் வெள்ளைக் கீற்றுகள் இருந்தால் நம்முடையது, வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பெரியது. தீபகற்பத்தில் பெரும் பொன்முதுகைக் கடலோர அலையாத்திக் காடுகளில்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். அங்கே நம் பொன்முதுகும் இருக்கும். ஆகவே சதுப்பு ஓரத்தில் பொன் முதுகு ஒன்று தெரிந்தால், பெயரைக் குறித்துக்கொள்வதற்கு முன் மீசையை ஒருமுறை சரிபாருங்கள்.